மூன்று பானைச் சோறு வேகும் நேரம்

ஸ்கூடாய்,
14 ஜூலை 2025

அன்புள்ள நாஸியா லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் கூப்பிட்டால் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்புவது உங்களிடம் வந்தே சேருவதில்லை. நேற்றுக் கடைக்கே வந்தேன். நீங்கள் பாலர்பள்ளியில் வேலையாக இருப்பதாக மச்சான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை எந்தப் பாலர்பள்ளி திறந்திருக்கிறது? மச்சானுக்குப் பொய் சொல்ல வராது, பாவம், முகத்தைத் திருப்பிக்கொண்டு தே தாரிக் ஆற்றப் போய்விட்டார். அதனால்தான் இந்தக் கடிதம்.

நடந்ததை என் பக்கத்திலிருந்து ஒரு முறை சொல்லிவிடுகிறேன். என் ஆராய்ச்சி என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஒரே கணக்கை எட்டு வயதுப் பிள்ளை எப்படி யோசிக்கிறது, படிவம் இரண்டு படிக்கிற பிள்ளை எப்படி, பல்கலைக்கழக மாணவர் எப்படி, பள்ளியை விட்டு ரொம்ப நாளான பெரியவர்கள் எப்படி என்று பார்ப்பது. விடை சரியா தப்பா என்பது எனக்கு இரண்டாம் பட்சம். மண்டைக்குள் என்ன ஓடுகிறது என்பதுதான் வேண்டும். மே மாதம் உங்கள் அடுப்படியில் கேமராவை வைத்துக் கேட்டதும் அதற்காகத்தான். ஒரு பானைச் சோறு வேக நாற்பது நிமிடம். மூன்று அடுப்பில் மூன்று பானையை ஒரே நேரத்தில் ஏற்றினால் எத்தனை நிமிடத்தில் வேகும்? நீங்கள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நூத்தியிருபது" என்றீர்கள். உங்களுக்குப் பின்னால் மூன்று அடுப்பில் மூன்று பானை கொதித்துக்கொண்டிருந்தது. நான் சிரித்துவிட்டேன்.

அந்தப் பதிவைக் கருத்தரங்கில் போட்டுக் காட்டினேன். உங்கள் முகத்தை மங்கலாக்கியிருந்தேன், பெயரும் சொல்லவில்லை. மண்டபமே சிரிக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நம் பெரியம்மா மகன் பாசித் பின்வரிசையில் உட்கார்ந்து அதைப் போனில் எடுத்துக் குடும்பக் குழுவில் போடுவான் என்று கனவிலும் நினைக்கவில்லை. அவனை வேண்டிய மட்டும் திட்டிவிட்டேன்.

ஆனால் லாத்தா, உங்கள் பதிவு எவ்வளவு முக்கியமானது என்பதை மட்டும் புரிந்துகொள்ளுங்கள். எட்டு வயதில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் நாற்பது என்று சரியாகச் சொல்கிறார்கள். பதினான்கு வயதில் பெரும்பாலோர் நூற்றிருபது. பல்கலைக்கழகத்தில் மறுபடி நாற்பது. பெரியவர்கள் மறுபடி சறுக்குகிறார்கள். வயதோடு யோசனை இறங்கி, ஏறி, இறங்குகிறது. வரைந்து பார்த்தால் அவ்வளவு அழகான வளைகோடு. அதற்கு உயிர் கொடுக்க ஒரு குரல் வேண்டியிருந்தது.

அம்மா கணக்குப் பரீட்சைக்குப் போகப் போவதில்லை என்று ஹபீபா சொன்னாள். அதற்கு நான் காரணமாகிவிடக் கூடாது. இரண்டு வரியாவது எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
ஷாஸியா

•

பாசிர் கூடாங்,
23 ஜூலை 2025

ஷாஸியாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். தபால்காரர் உன் கடிதத்தைக் கடையில் கொண்டுவந்து நீட்டியபோது நகராண்மைக் கழகத்து நோட்டீஸ் என்று நினைத்து உன் மச்சான் சமையல்கட்டைக் கழுவவே ஆரம்பித்துவிட்டார். அந்த வகையில் உன் கடிதத்தால் ஒரு நன்மை நடந்தது.

இனி நமக்குள் கடிதம்தான். போனில் பேசினால் நீ பதிவு செய்வாய். தாளில் எழுதினால் யார் சிரித்தாலும் எனக்குக் கேட்காது.

நீ சிரித்தது அன்றைக்கே கேட்டது. நானும் கூடச் சேர்ந்துதான் சிரித்தேன். அக்காவும் தங்கையும் அடுப்படியில் சிரித்துக்கொள்வது ஒன்று, ஒரு மண்டபம் நிறையப் படித்தவர்கள் சிரிப்பது வேறு. பாசித் போட்ட வீடியோவில் யாரோ ஒரு பெண் "அலமாக்" என்று தலையில் கை வைத்துக்கொள்கிறாள். முகத்தை மங்கலாக்கினாயாம். என் குரலை யாருக்குத் தெரியாது? என் பானையை யாருக்குத் தெரியாது? கடையில் சாப்பிட வருகிறவர்கள், சோறு வேக இன்னும் இரண்டு மணி நேரம் ஆகுமா என்று கேட்டுவிட்டு உட்காருகிறார்கள். நான் சிரித்தபடி இலையைப் போடுகிறேன். வேறு என்ன செய்வது?

உனக்கு இதில் ஒரு வளைகோடு. எனக்கு என்ன என்று ஒரு முறை எழுதிவிடுகிறேன், மறந்துவிடாதே. பாலர்பள்ளியில் உதவியாளராகச் சேர்ந்த நாள்முதல் அந்தப் பிள்ளைகளோடு இருக்கிற நேரம்தான் என் நேரம். கமலாட்சி டீச்சர் என்னை வகுப்பாசிரியராக வைத்துக்கொள்ளத் தயார். அதற்கு டிப்ளோமா வேண்டும். டிப்ளோமாவில் சேர, பள்ளி இறுதி எஸ்.பி.எம். பரீட்சையில் கணிதம் தேறியிருக்க வேண்டும். நான் பதினேழு வயதில் கோட்டை விட்ட ஒரே பாடம். இந்த வருடம் எழுதினால் இடத்தைக் காலியாகப் பிடித்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். எழுதாவிட்டால் வேறு ஆளைப் போடுவார், நான் காலையிலிருந்து கல்லாவில் உட்காரலாம். அதனால்தான் நாற்பத்திரண்டு வயதில் தனியார் மாணவியாகப் பதிந்தேன். ஹபீபாவின் படிவம் ஒன்று பாடநூலிலிருந்தே ஆரம்பித்துப் படித்தேன். கொஞ்சம் தைரியம் வந்திருந்தது. அதைத்தான் நீ மண்டபத்தில் போட்டுக் காட்டினாய்.

நான் ஏன் நூற்றிருபது என்றேன் என்று நீ ஒரு முறைகூடக் கேட்கவில்லை. "கணக்கு ஒண்ணு கேக்கவா லாத்தா" என்று ஆரம்பித்தாய் பார், அந்த நொடியில் நான் அடுப்படியில் இல்லை. படிவம் ஐந்து வகுப்பில் இருந்தேன். இரண்டு எண் கொடுத்திருக்கிறார்கள், கூட்ட வேண்டுமா பெருக்க வேண்டுமா என்றுதான் பார்த்தேன். சோறு என்ற சொல் என் காதிலேயே விழவில்லை.

இப்படிப்பட்டவள் பரீட்சை எழுதி என்ன ஆகப் போகிறது? போக மாட்டேன்.

நாஸியா

•

ஸ்கூடாய்,
1 ஆகஸ்ட் 2025

அன்புள்ள லாத்தாவுக்கு,

மன்னித்துவிடுங்கள். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். மண்டபத்தில் காட்டுவதற்கு முன் உங்களிடம் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. என் அக்காதானே என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது நான் எழுதப் போவதற்கு நீங்கள் கோபப்படுவீர்கள். பரவாயில்லை. "சோறு என்ற சொல் என் காதிலேயே விழவில்லை" என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு அறைக்குள் நடந்தேன். நான் பதிவு செய்த எத்தனையோ பேரில் ஒருவரும் இதைச் சொன்னதில்லை. எல்லோரும் என்ன செய்தோம் என்று சொல்கிறார்களே தவிர, எது காதில் விழவில்லை என்று சொல்வதில்லை. உங்கள் யோசனை தப்பான வழியில் போகவில்லை லாத்தா. அது ஆரம்பிக்கவே இல்லை. ஏன்?

பல்கலைக்கழகத்து மாணவர்கள் வேறு விதம். அர்ஜுன் என்று ஒருவன், பொறியியல் படிக்கிறவன், இதே கணக்குக்கு விடையே சொல்லவில்லை. மூன்று அடுப்புக்கும் ஒரே கேஸா, அழுத்தம் குறையுமா, மூடி போட்டிருக்கிறதா என்று என்னைக் குறுக்கு விசாரணை செய்தான். கடைசியில், தகவல் போதாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். அவனுக்குச் சோறு என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்திருக்கிறது.

இன்னொரு கணக்கு எழுதுகிறேன். உங்களுக்காக இல்லை, பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு கடையில் மேசைகளை ஒரே வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். இரண்டு மேசைக்கு நடுவில் கூரையில் ஒரு காற்றாடி. ஐந்து மேசைக்கு நான்கு காற்றாடி. அப்படியானால் பத்து மேசைக்கு எத்தனை? ஐந்து பத்தானால் நான்கு எட்டாக வேண்டும் என்று பலர் இரட்டித்துவிடுகிறார்கள். சரியான விடை ஒன்பது. நவ்சாத் என்ன சொல்கிறான், ஹபீபா என்ன சொல்கிறாள் என்று எழுதுங்கள். அவர்கள் சொல்வதைத் திருத்தாதீர்கள், தலையாட்டாதீர்கள், முகத்தை வெறுமனே வைத்துக்கொள்ளுங்கள்.

ஷாஸியா

•

பாசிர் கூடாங்,
19 ஆகஸ்ட் 2025

ஷாஸியாவுக்கு,

நீ திருந்தப் போவதில்லை. மன்னிப்பு நான்கு வரி, கணக்கு நாற்பது வரி. கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் எடுத்தேன். அதற்குள் நவ்சாத் எட்டிப் பார்த்து, "சாச்சி என்னம்மா எழுதிருக்காங்க" என்றான். சரி என்று கேட்டு வைத்தேன்.

நம் கடையில் வரிசையாக ஐந்து மேசை இருக்கிறதல்லவா, அதைப் பார்த்தபடி கேட்டேன். நவ்சாத் மேசைக்கு மேசை ஓடினான். ஐந்தாவது மேசையைத் தொட்டதும் கடைக்கு வெளியே போய் நடைபாதையில் இன்னும் ஐந்து மேசை இருப்பதாக வைத்துக்கொண்டு காலால் கோடு கிழித்தான். திரும்பி வந்து ஒன்பது என்றான். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஓடினால்தான் யோசனை வருகிறது. ஹபீபா இருந்த இடத்திலிருந்தே காற்றாடிகளை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஒம்பது, கடைசி மேசைக்கு அந்தப் பக்கம் காத்தாடி வேணாம்ல" என்றாள். உன் மச்சான், பத்து மேசை போட இடமில்லை, கணக்கே தப்பு என்றார்.

அப்போதுதான் எனக்கு ஓர் எண்ணம் வந்தது. ஹபீபா ஒன்பது என்கிறாளே, பதினான்கு வயதில் எல்லோரும் சறுக்குகிறார்கள் என்று ஷாஸியா எழுதினாளே என்று. இரண்டு நாள் கழித்து உன் பானைக் கணக்கையும் காற்றாடிக் கணக்கையும் கொஞ்சம் மாற்றித் தாளில் எழுதினேன். மேலே பெயர், வகுப்பு என்று கோடு போட்டு, பக்கத்தில் கேள்வி ஒன்று, கேள்வி இரண்டு என்று எண் போட்டு, மேசையில் வைத்து இரண்டு பேரையும் உட்காரச் சொன்னேன். பானைச் சோற்றுக்குப் பதில் வெயிலில் காய்கிற சட்டை, மேசைக்குப் பதில் விளக்குக் கம்பம், காற்றாடிக்குப் பதில் கொடி. அவ்வளவுதான் மாற்றம்.

ஹபீபா எட்டு என்று எழுதினாள். சட்டைக்கு நூற்றிருபது. நவ்சாத் பென்சிலைக் கடித்துக்கொண்டு, "இதுல என்னம்மா பண்ணணும், கூட்டவா?" என்றான். கடைக்கு வெளியே கோடு கிழித்தவன் அவன்தான், உட்கார வைத்ததும் ஆளே மாறிவிட்டான். அவன் முகத்தில் நான் என் முகத்தைப் பார்த்தேன்.

பாலர்பள்ளியிலும் விடவில்லை. விளையாட்டுப் பானை மூன்றை வைத்து ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் கேட்டேன். ஒருவன், "இவ்ளோ சோறு யாரு டீச்சர் சாப்டுவா?" என்றான். இன்னொருத்தி, மூன்றும் ஒன்றாகத்தான் வேகும், ஒன்று முந்தினால் மற்றது அழும் என்றாள். காரணம் உனக்குப் பிடிக்காது, விடை சரி. அவர்களிடம் தாளைக் கொடுத்துப் பயனில்லை, கொடுத்தால் படம் வரைவார்கள்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். உன் ஆராய்ச்சியில் சின்னப் பிள்ளைகளிடம் வாயால் கேட்டாய், நவ்சாதிடம் கேட்டபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஹபீபா வகுப்பில் தாள் கொடுத்து எழுதச் சொன்னாய், அவளே சொன்னாள். பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளை உன் அறைக்குக் கூப்பிட்டுப் பேசினாய். என்னிடம் கேமராவை வைத்துக் கணக்கு என்று சொல்லிக் கேட்டாய். அப்படியென்றால் உன் வளைகோட்டில் ஏறி இறங்குவது வயதா, தாளா?

நாஸியா

•

ஸ்கூடாய்,
27 ஆகஸ்ட் 2025

லாத்தாவுக்கு,

உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. ஆனால் வீட்டில் இரண்டு பிள்ளைகளையும் பாலர்பள்ளியில் ஐந்தாறு பேரையும் கேட்டுவிட்டு ஓர் ஆராய்ச்சியைக் கவிழ்க்க முடியாது. என்னிடம் இருப்பது இருநூறுக்கும் மேற்பட்டவர்களின் விடை. சின்னப் பிள்ளைகளிடம் வாயால் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது, அவர்கள் மெதுவாகப் படிப்பார்கள். படிவம் இரண்டில் அவ்வளவு பேரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேச எந்தப் பள்ளியிலும் நேரம் கொடுப்பதில்லை. இந்த முறையைப் பேராசிரியர்கள் மூன்று பேர் பார்த்து ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அக்டோபரில் நான் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும்.

ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பரீட்சைக்குப் போகாமல் இருக்க உங்களுக்கு ஒரு சாக்கு வேண்டும். தாள்தான் குற்றவாளி என்று சொல்லிவிட்டால் நீங்கள் தாளின் முன்னால் உட்கார வேண்டியதில்லை. அதற்கு என் ஐந்து வருட உழைப்புதான் கிடைத்ததா?

ஷாஸியா

•

பாசிர் கூடாங்,
4 செப்டம்பர் 2025

ஷாஸியாவுக்கு,

சாக்கு என்று எழுதியிருக்கிறாய். முதலில் கோபம் வந்தது. பிறகு நீ சொல்வது உண்மை என்று தெரிந்தது. ஆமாம், பயம்தான். பரீட்சை மண்டபத்தில் அந்தத் தாளைத் திருப்பும்போது நவ்சாத் கேட்டதைப் போல நானும் உள்ளுக்குள் கேட்பேன், கூட்டவா பெருக்கவா என்று.

நீ மட்டும் என்ன? பதினான்கு வயதுப் பிள்ளைகள் நான்கு பேரைக் கூப்பிட்டு வாயால் கேட்டுப் பார்க்க உனக்கு எவ்வளவு நேரமாகும்? ஒரு பிற்பகல். நீ ஏன் போகவில்லை? நான் சொன்னது தப்பென்றால் அதைக் காட்ட அதைவிடச் சுலபமான வழி இல்லையே. நான் சொன்னது சரியென்று தெரிந்துவிடுமோ என்ற பயம் உனக்கு.

சரி, இப்படி வைத்துக்கொள்வோம். நீ போய்க் கேள். கேட்டதை மறைக்காமல் எனக்கு எழுது. நீ போனால் நவம்பரில் நானும் போகிறேன். நீ போகாவிட்டால் நானும் போகவில்லை, யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டாம்.

நாஸியா

•

ஸ்கூடாய்,
12 அக்டோபர் 2025

அன்புள்ள லாத்தாவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம், எழுத ஒன்றும் இல்லாதது அல்ல. எழுத மனம் வரவில்லை.

உங்கள் கடிதம் வந்த வாரமே செனாயில் விசாலி நடத்துகிற டியூஷன் மையத்துக்குப் போனேன். என்னோடு முதுகலை படித்தவள், எந்த நேரத்திலும் வரலாம் என்று சொல்லியிருந்தவள். வகுப்பு முடிந்து பிள்ளைகள் வெளியே ரொட்டி வாங்கித் தின்றுகொண்டிருந்தார்கள். நான் தாளும் எடுக்கவில்லை, கேமராவும் எடுக்கவில்லை. கணக்கு என்ற சொல்லையும் சொல்லவில்லை. "எங்க அக்கா கடையில மூணு பானை இருக்கு" என்று ஆரம்பித்தேன். படிவம் இரண்டு பையன்கள், ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு, "நாப்பதுதான் டீச்சர், ஒண்ணா வச்சா ஒண்ணாதானே வேகும்" என்றார்கள். ஒருவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். இதைக்கூடவா கேட்பார்கள் என்கிற பார்வை.

விசாலியின் அறையில் தனியாகப் போய் உட்கார்ந்தேன். அவள் என்னவோ உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அதற்குப் பிறகு நான்கு வாரம் போனேன். சின்னப் பிள்ளைகளுக்கும் தாள் கொடுத்தேன், பெரிய பிள்ளைகளிடமும் வாயால் கேட்டேன். மாலையில் படிக்க வருகிற தொழிற்சாலைத் தொழிலாளர்களிடம் இரண்டு விதமாகவும் கேட்டேன். நீங்கள் சொன்னதில் முக்கால்வாசி சரி. எல்லா வயதிலும் தாள் யோசனையை முடக்குகிறது. ஆனால் ஒரே அளவுக்கு இல்லை. எட்டு வயதில் கொஞ்சம்தான், தாள் தன்னிடம் என்ன எதிர்பார்க்கிறது என்று அந்த வயதில் இன்னும் முழுதாகத் தெரியாது. நவ்சாத் கொஞ்சம் முந்திக்கொண்டான். பதினான்கில் அதிகம். பள்ளியை விட்டு ரொம்ப நாளானவர்களுக்கு அதைவிட அதிகம். பள்ளிக் கணக்கு என்றால் அவர்களுக்கு நினைவில் இருப்பது தாள் ஒன்றுதான், பிறகு போட்ட கணக்கையெல்லாம் அவர்கள் கணக்கு என்றே நினைப்பதில்லை. ஆக வயதும் இருக்கிறது. நான் வைத்த இடத்தில் இல்லை.

வளைகோடு போய்விட்டது. ஆய்வேட்டை இந்த மாதம் கொடுக்கப் போவதில்லை. என் மேற்பார்வையாளரிடம் போய், நான் கேட்ட முறையே ஒவ்வொரு வயதுக்கும் வேறாக இருந்தது, இதை முதலிலிருந்து செய்ய வேண்டும் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்ப மாட்டிக்கொண்டார். இதை யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். என் அக்கா என்றேன். எந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார் என்று கேட்டார்.

ஒரு வருடம் தள்ளிப்போகிறது. அழுதேன், உங்களிடம் ஒளித்து என்ன பயன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பையன்கள் நாற்பது என்று சொன்னபோது, ஐந்து வருட உழைப்பு போகிறதே என்று நினைத்த அதே நேரத்தில் எனக்கு ஆசையாகவும் இருந்தது. அடுத்து யாரிடம் கேட்கலாம், எப்படிக் கேட்கலாம் என்று. ஆராய்ச்சி ஆரம்பித்த புதிதில் இருந்த ஆசை. நடுவில் அது எப்போது தொலைந்தது என்று தெரியவில்லை.

சாக்கு என்று எழுதியதற்கு என்னை மன்னியுங்கள். உங்கள் பதிவை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட்டேன். நான் போய்க் கேட்டுவிட்டேன் லாத்தா. இனி உங்கள் முறை.

ஷாஸியா

•

பாசிர் கூடாங்,
27 நவம்பர் 2025

அன்புள்ள ஷாஸியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பரீட்சை முடிந்துவிட்டது. போனேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு போகாமல் இருக்க முடியுமா? பதில் எழுதாமல் இருந்தது வேண்டுமென்றுதான். எழுதினால் உன் ஆராய்ச்சியைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்து படிப்பை விட்டுவிடுவேன்.

உன் மச்சான் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டார். வழியெல்லாம், தேறாவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது என்று ஆறுதல் சொன்னார். பள்ளி வாசலில் இறங்கியதும், "தேறிடு, என்னா" என்றார். தனியார் மாணவர்களுக்கு ஒரு வகுப்பறை. எல்லாம் பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளைகள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று சலாம் சொன்னார்கள். மேற்பார்வை செய்ய வந்த டீச்சர் என்று நினைத்துவிட்டார்கள். நானும் அவர்களோடு வரிசையில் உட்கார்ந்ததும் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

முதல் தாளில் தெரிந்ததைப் போட்டேன். இரண்டாம் தாளில்தான் வழியைக் காட்டி எழுத வேண்டும். அதில் ஒன்று. ஒருவர் நூற்றெண்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊருக்குக் காரில் போகிறார், மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகம். அதே வழியில் திரும்பி வருகிறார், மணிக்குத் தொண்ணூறு. மொத்தப் பயணத்தின் சராசரி வேகம் என்ன? பார்த்ததுமே கூட்டிப் பாதியாக்கி எழுபத்தைந்து என்று எழுதிவிட்டேன். கை தானாக எழுதியது. அடுத்த கேள்விக்குப் போன பிறகு எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, இந்த மனிதர் யார், எதற்குப் போனார் என்று நான் பார்க்கவே இல்லையே.

திரும்பி வந்து வாயை அசைத்து எனக்கு நானே படித்தேன். கண்காணிப்பாளர் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். போகும்போது மெதுவாகப் போனதால் மூன்று மணி நேரம் சாலையில் இருந்திருக்கிறார். வரும்போது இரண்டு மணி நேரம்தான். வேகமாக வந்தவர் அந்த வேகத்தில் கொஞ்ச நேரம்தானே இருக்க முடியும். அப்படியென்றால் சராசரி மெதுவான வேகத்தின் பக்கம்தான் சாய வேண்டும், நடுவில் நிற்காது. எனக்கு அந்த வகுப்பறையில் எழுந்து நின்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது ஷாஸியா. போய் வந்த தூரத்தை ஐந்து மணி நேரத்தால் வகுத்தேன். எழுபத்திரண்டு. எழுபத்தைந்தை அடித்துவிட்டு அதை எழுதினேன்.

சூத்திரம் எதுவும் எனக்கு நினைவில் இல்லை. அதனால் போகிற வழியையும் வருகிற வழியையும் இரண்டு கோடாக வரைந்து, எவ்வளவு நேரம் எந்த வேகத்தில் இருந்தார் என்று கீழே மலாயில் நான்கு வரி விளக்கி எழுதிவிட்டு வந்தேன். அதற்கு மதிப்பெண் உண்டா என்று எனக்குத் தெரியாது. முகம் தெரியாத யாரோ ஒருவர் திருத்தப் போகிறார். பாலர்பள்ளிப் பிள்ளைகள் வரைகிற மாதிரி ஒரு கார் படமும் இருக்கிறது, சிரித்தாலும் சிரிப்பார். நான் எப்படி யோசித்தேன் என்று அவருக்குத் தெரிந்தால் போதும் என்றுதான் அப்போது தோன்றியது.

அந்த ஒரு கேள்வியில் நேரம் போனதால் கடைசி இரண்டு கேள்வியைத் தொடவில்லை. எல்லைக்கோட்டில்தான் நிற்கிறேன். இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சொல்லத் தெரியவில்லை. கமலாட்சி டீச்சர் முடிவு வரும்வரை காத்திருப்பதாகச் சொன்னார். தேறாவிட்டால் அடுத்த வருடம் மறுபடி எழுதுவேன், இடம் போனாலும் எழுதுவேன். இதை உன் மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை.

என் பதிவைத் திரும்பச் சேர்த்துக்கொள். இந்த முறை அதற்கு என்ன பெயர் வைப்பது என்று நான் சொல்லித் தருகிறேன்: சோறு என்ற சொல் காதில் விழாதவள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. பரீட்சை முடிவு வரும்வரை தள்ளிப் போடாதே. நான் தேறினால் எல்லோரும் வந்துவிடுவார்கள். நீ அதற்கு முன்னால் வா.

உன் லாத்தா,
நாஸியா